எந்தப் பக்கமா வாரே

மொதல்ல எனக்குக் கெடுதல் பண்ணுனவன் பேரை எழுதிக்கங்க அம்மிணி. மாதேஸ்வரன். என்ற மச்சினன். நீங்க படம் எடுக்கறீங்களே, அதே பாட்டுக்காரன்தான். அவனைப் பத்தி நான் பெருமையாப் பேசோணுமாக்கும். பேசறதா வேண்டாமாங்கறது அப்பறம். கேமராவை அமத்துங்க.

செருப்பில்லாம மலை எறங்குனேன்னு டிவியில அழுதானாமா? ரப்பர் செருப்பு போட்டுட்டுத்தான் போனான். காளப்பநாயக்கன்பட்டியில நான் வாங்கிக் குடுத்தது. வாரு அன்னிக்கே பிஞ்சு போயி, கடைக்காரங்கிட்ட நான்தான் சண்டை போட்டேன்.

ஆயி அப்பன் போனப்பறம் எட்டு வருசம் இந்த ஊட்டுலதான் தின்னான். குச்சிக்கெழங்கு புடுங்கக் கூப்பிட்டா, தொண்டை கட்டிக்கும்பான். புடுங்கறது கையில, கட்டறது தொண்டையில. நான் வையறப்பல்லாம் அவங்கக்கா சிரிச்சுக்குவா.

அப்பறம் லாரி கிளீனரு. நாமக்கல் ஆர்க்கெஸ்ட்ராவுல பொட்டி தூக்கறவன். பாடறவன் வராத அன்னிக்கு ஏறிப் பாடுனான், அடுத்தவன் பாட்டை. சொந்தப் பாட்டுன்னு மொதல்ல வந்தது இந்தப் பாப்பாயி பாட்டுதான். செல்லுல போட்டான். சினிமாக்காரங்க வந்தாங்க, சிங்கப்பூருன்னான், காரு வாங்கிட்டான்.

ஆமாங்க, பாப்பாயி அவங்கக்காதான். என்ற சம்சாரம். அக்கா மேல இருந்த பாசத்துல எழுதுனேன்னு உங்ககிட்டயும் சொன்னானா? நல்லாத்தான் சொல்லுவான்.

பாட்டு தெரியுமில்லீங்க? வாரேன்னுட்டுத்தான போன பாப்பாயி, எந்தப் பக்கமா வாரே. எவனோ காதலியத் தேடறானாமா. கல்யாண ஊட்டுல குதிக்கறாங்க. பஸ்ல போட்டா, என்ற மூஞ்சியப் பாத்துக் கண்ணடிக்கறானுக.

அது எழுதுனதில்லீங்க. நான் கத்துனது.

ஐப்பசி மழையில, மாட்டைப் பத்திட்டு வாரேன்னு பள்ளத்துப் பக்கம் போனா. மாடு வந்துருச்சு, அவ வரலை. ரெண்டு நாளு பள்ளம் பள்ளமாக் கூப்பிட்டுட்டே நடந்தேன். எங்க மலையில கூப்பிட்டா கடைசி எழுத்தை இழுக்கோணும், அப்பத்தான் எதிர்ப்பக்கம் எட்டும். இழுத்துட்டுப் பேசாம நிக்கோணும். சேதி கேட்டு நாமக்கல்லுல இருந்து வந்த இவன், எனக்குக் குடை புடிச்சுட்டுப் பக்கத்துலயேதான் வந்தான். பாவம், பேச்சு வரலை போலன்னு நெனைச்சேன். கேட்டுட்டு இருந்திருக்கான்.

பாட்டுல அந்த வரி முடிஞ்சதும் மேளத்தை நிறுத்திக் கொஞ்ச நேரம் சும்மா உட்டிருப்பான். சனம் விசிலடிக்குமே, அந்த எடம். என்னமா ரோசனை பண்ணியிருக்கான்னு புகழ்றீங்க. அது, அவ பதில் சொல்றதுக்கு நான் உட்ட எடமுங்க.

மூணாம் நாளு காத்தால, கச்சேரி இருக்குதுன்னு பஸ் ஏறிட்டான். மத்தியானம் ஓடைக்குக் கீழ அவ கெடைச்சா. போன்ல சேதி சொன்னோம், வாரேன்னான். செத்தவ மேல பொறந்த ஊட்டுக் கோடிச் சீலை போட அவளுக்கு இருந்தது இவன் ஒருத்தன்தானுங்களே. பொழுது சாயற வரைக்கும் அவன் வருவான்னு கெடத்தி வெச்சுப் பாத்துட்டு, என்ற துண்டைப் போத்தி மண்ணைத் தள்ளுனோம். பதினோரு வருசமாச்சு.

அவன் தர்ற காசும் வேண்டாம், பாட்டுல என்ற பேரும் வேண்டாம். கூடப் பொறந்தவன் தன் கையால ஒரு சீலை கொண்டாந்து அந்த மண்ணு மேல போடோணும். இன்னும் போடலீங்க.