முப்பத்தொரு விதிகளும் எக்ஸ்ரே அக்காவும்

மேடையில் வீற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே, சபைக் குழுவின் மூப்பர்களே, முன்வரிசையில் துக்கத்தோடு அமர்ந்திருக்கும் எக்ஸ்ரே அக்காவின் கணவரே, சபையோரே! எல்லோரையும் விட முதலில் வணக்கம் சொல்லியிருக்க வேண்டிய வாலிபர் வகுப்புப் பிள்ளைகளே!

இந்தக் கணக்கு வாத்தியாரை நீங்கள் அறிவீர்கள். பதினான்கு ஆண்டுகளாகச் சபைக் குழுவின் செயலாளர். வாலிபர் வகுப்பை நடத்திய நம் எக்ஸ்ரே அக்காவைப் புகழ்ந்து நான்கு வார்த்தை பேசச் சொன்னார்கள். புகழ்வதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவரை இந்த ஆலயத்தின் கூடத்திலிருந்து வெளியே அனுப்பிய கடிதத்தை எழுதியவன் நான்தான்!

வாலிபர் வகுப்புக்கு முப்பத்தொரு விதிகளைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவனும் நானே. பதினேழாவது விதி, ஆராதனையில் காரணமின்றிச் சிரிக்கக் கூடாது. அதைப் படித்துவிட்டு அக்கா என்னிடம் வந்தார். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையை முடித்துவிட்டு நேரே வந்திருந்தார், கழுத்திலிருந்த அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. "சார், காரணத்தோட சிரிச்சா பரவாயில்லையா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதற்குமே சிரிப்பு வராது.

வகுப்பில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள், பாடகர் குழுவிலும் பாடுவாள். மூன்று ஞாயிறு தொடர்ந்து வரவில்லை. விதிப்படி பட்டியலில் அவள் பெயரை அடித்தேன். அக்கா கேட்டார், "ஏன் வரலன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?"

"விதியில ஏன், எதுக்குன்னு எல்லாம் கிடையாதும்மா."

அவர் போய்க் கேட்டார். அந்தப் பெண்ணின் அண்ணன் சிறையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க விடுவார்கள். அம்மா படுத்த படுக்கை. இவள் போகாவிட்டால் அவனைப் பார்க்க ஓர் ஆள் கிடையாது. இது தெரியாமல் நாம் இங்கே அன்பைப் பற்றி நான்கு சரணம் பாடிக்கொண்டிருந்தோம்!

அடுத்த ஞாயிறு அக்காவும் ஆலயத்துக்கு வரவில்லை. வகுப்பில் மீதமிருந்த எட்டுப் பிள்ளைகளும் வீட்டில் சொல்லிவிட்டு அவரோடு போனார்கள். சிறை வாசலில் அவளோடு இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றார்கள். உள்ளே போக அவளுக்கு மட்டும்தான் அனுமதி. மற்றவர்கள் நின்றார்கள், அவ்வளவுதான். திரும்பி வந்தபோது அவள் தனியாக வரவில்லை.

சபைக் குழு கூடியது. "ஆராதனைய விட்டுட்டு ஜெயிலுக்கா கூட்டிட்டுப் போவீங்க?" என்று ஒரு மூப்பர் மேசையைத் தட்டினார்.

"ஆண்டவர் அங்கயும் இருக்காரான்னு பிள்ளைங்க பாத்துட்டு வரட்டும்னு நினைச்சேன் ஐயா. இருந்தாரு."

இனி இந்தக் கூடத்தில் வகுப்பு நடத்தக் கூடாது என்று அன்றைக்கே நான் கடிதம் எழுதினேன். அழுதாரா? கெஞ்சினாரா? மருத்துவமனைச் சலவை அறைப் பொறுப்பாளர் அம்மாவிடம் போய் வகுப்புக்கு இடம் கேட்டார். சனிக்கிழமை மாலையில் இயந்திரங்கள் நின்றிருக்கும், உட்காரலாம், ஆனால் சும்மா உட்காரக் கூடாது, படுக்கை விரிப்புகளை மடித்துத் தர வேண்டும் என்று அந்த அம்மா சொன்னார். சோப்பு வாசனைக்கு நடுவே பிள்ளைகள் நற்செய்தியை வாசித்தார்கள், ஜெபித்தார்கள், மடித்தார்கள்.

விதிகளைக் காற்றில் பறக்கவிட்டார் என்று அவர்மீது குற்றம் சாட்டினார்களே, உண்மையா? அவர் என்னிடமே சொன்னார்: "மீறச் சொல்லல சார். அதோட நிறுத்திக்காதீங்கன்னு சொல்றேன்." பொய் சொல்லாதே என்றது என் விதி. இந்த வாரம் யாருக்காகத் துணிந்து உண்மை பேசினாய் என்று கேட்டார் அவர். திருடாதே என்றது என் விதி. எதைக் கொடுத்தாய் என்று கேட்டார் அவர். துணையில்லாமல் வரும் நோயாளிகளின் பக்கத்தில், பரிசோதனை முடிவு வரும்வரை உட்காரப் பிள்ளைகளை அனுப்பினார். ஒரு பையன் பெருமூச்சு விட்டானாம்: "அக்கா, சாரோட முப்பத்தொரு ரூல்ஸே ஈஸியா இருந்துச்சு!"

பிறகு என் வீட்டுக்கே வந்தது வினை. என் மகளுக்கு அப்போது பதினேழு வயது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்பா, முப்பத்தொண்ணுல ஒண்ணக்கூட நான் மீறினதில்ல. ஆனா ஜெபம் பண்றப்ப யார்கிட்ட பேசறேன்னே எனக்குத் தெரியல."

சனிக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு அந்தச் சலவை அறை வாசலில் போய் நின்றேன். அக்கா கடிதத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. "சார், சும்மா நிக்காதீங்க. அந்த முனைய பிடிங்க" என்று ஒரு விரிப்பை நீட்டினார். பிடித்தேன். என் மகள் என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னாள். "அதையே ஆண்டவர்கிட்ட சொல்லும்மா. நீ யாருன்னு தெரியலன்னு சொல்லு. அதுவும் ஜெபம்தான்" என்றார். என் மகள் அங்கேயே நின்று அழுதாள். அவள் நம்பிக்கை அன்றுதான் அவளுடையதாயிற்று. என்னுடையதும்.

புற்றுநோய் அவரை எட்டு மாதத்தில் கொண்டுபோய்விட்டது. தன் எக்ஸ்ரே படத்தைத் தானே முதலில் பார்த்துப் புரிந்துகொண்ட பெண்மணி அவர். அந்தச் சனிக்கிழமையும் வகுப்புக்கு வந்தார்.

அவரை அடக்கம் செய்து ஒன்பது நாள்தான் ஆகிறது. அதற்குள் குழு ஒரு தீர்மானம் எழுதிவிட்டது. வகுப்பு மீண்டும் கூடத்துக்கு வர வேண்டுமாம், விதிகள் மீண்டும் சுவருக்கு ஏற வேண்டுமாம்! "அவங்கதான் போயிட்டாங்களே, இனி ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவரலாம்" என்று என் காதுபடவே பேசினீர்கள். ஒழுங்கா? சிறை வாசலில் வரிசையாக நின்ற எட்டுப் பேரை விடவா ஒழுங்கு?

மூப்பர்களே, உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கேளுங்கள். அண்ணனைப் பார்க்கப் போன அந்தப் பெண்ணுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. அவளும் என் மகளும்தான் வகுப்பை நடத்தப் போகிறார்கள், அதே சலவை அறையில். அக்கா, நீங்கள் தொடங்கியதை நாங்கள் சுருட்டி வைக்க மாட்டோம். பயந்து பயந்து நல்லவர்களாக இருக்க அல்ல, நிறைவாக வாழத்தான் பிள்ளைகள் அழைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்போம்.

தீர்மானத்தின் அடியில் செயலாளர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறீர்கள். அது காலியாகவே இருக்கும். கூட்டம் முடிந்ததும் என்னைத் தேட வேண்டாம். இன்று சனிக்கிழமை. நான் பிள்ளைகளோடு இருப்பேன்.