இழைக் கோட்பாட்டை எங்களுக்கு விளக்கிய ஹிதாயா டீச்சருக்கு

இருபத்தெட்டு ஆண்டுகள் எம் பாடசாலையில் பௌதிகவியல் கற்பித்து இன்று ஓய்வு பெறும் ஆசிரியையே! கடினமானதை எளிதாக்கியவரே, கேட்டவரைச் சிறுமைப்படுத்தாமல் சொல்லித் தந்தவரே!

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமைத் தேநீர் இடைவேளை. நீங்கள் வாசித்து வந்த புதிய கோட்பாட்டைக் கணித ஆசிரியர் ஒஸ்வல்ட், என் கணவர், கொப்பியில் வரைந்துகொண்டிருந்தார்.

"இத்தனூண்டு இழைக்குப் பத்துப் பரிமாணமா டீச்சர்? எங்க வீட்டு நூல்கட்டை கேட்டா சிரிக்கும்."

"அவசரப்படாதீங்க சேர். தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுக் கேளுங்க."

குடித்தார், கேட்டார். மணியடிக்கும்வரை விளக்கினீர்கள். பக்கத்தில் இருந்த எனக்கும் விளங்கியது.

மறுநாள் எனக்கு முந்திய பஸ்ஸில் அலுவிகாரை வீட்டிலிருந்து வந்த என் கணவரை இராணுவச் சோதனைச் சாவடியில் இறக்கிப் பிடித்துவைத்தார்கள். கொப்பியில் வளையங்கள், கோடுகள், பத்து என்ற எண். குண்டு வைக்க ஏதோ பத்து இடங்களின் வரைபடம் என்று நினைத்த அதிகாரி, கொப்பியோடு எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்தார். நீங்கள் வெண்கட்டியை எடுத்துச் சிங்களத்தில் விளக்கினீர்கள். அவர் எங்கள் பக்கம் திரும்பி, "இவர் சொல்வது உண்மையா?" என்று கேட்டார்.

"எனக்கு இதெல்லாம் விளங்காது சேர்" என்று முதலில் சொன்னது நான். என்னையும் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்தேன். மற்றப் பத்துப் பேரும் அதையே சொன்னார்கள்.

என் கணவர் திரும்பி வரவில்லை.

அவரைத் தேடி முகாம் முகாமாக என்னோடு அலைந்தவர் நீங்கள். வெயிலில் காத்துநின்றபோது உங்கள் குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்தீர்கள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அந்தப் பண்பைப் புகழ எங்களுக்கு வாயில்லை. வெட்கம்தான் இருக்கிறது.

இந்த மடலை எழுத என்னைக் கேட்டார்கள். முதலில் எழுதியதில் உங்கள் பெருமைகள் மட்டுமே இருந்தன, கிழித்துவிட்டேன். இதை வாசித்த பிறகு, அன்று அந்த அறையில் இருந்து இன்றும் இங்கே பணிபுரியும் அறுவரும் என்னோடு ஒப்பமிட்டிருக்கிறார்கள்.

நீண்ட ஆயுளும் குன்றாத சுகமும் உங்களுக்கு அமையட்டும். அன்று சொல்லியிருக்க வேண்டியதை எல்லோர் முன்னும் இன்று சொல்கிறேன்: டீச்சர் சொன்னது உண்மை. எனக்கு விளங்கியது. பத்து என்பது இழையின் அளவன்று. இழை அதிரும் வெளிக்கு ஒன்பது திசைகள், அவற்றோடு காலம். அத்திசைகளில் ஆறு, நம் கண்ணுக்குத் தெரியாதபடி சுருண்டிருக்கலாம். இழைக்கு உள்ளது நீளம் என்ற ஒரே பரிமாணம்.

அஞ்சலா ஒஸ்வல்ட்டும் ஆசிரியர்களும்
மாத்தளை, 2006