பல்கனிக்கு முப்பத்தொரு காலடி

எனக்கு நீந்தத் தெரியாது. மன்னாரில், பேசாலையில், கடலைப் பார்த்த வீட்டில் பிறந்தும் நீந்தத் தெரியாதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒத்துக்கொள்ள வேண்டியவற்றில் இது சின்னது என்பதால் இதிலிருந்து தொடங்குகிறேன்.

தமிழில் எழுதித் தருகிறேன், ஐயா. பத்தொன்பது வருடம் பலெர்மோவில் இருந்தும் என் இத்தாலியன் நிலம் துடைக்கவும் மருந்து கொடுக்கவும்தான் காணும். இந்த விசயத்துக்குக் காணாது. மொழிபெயர்க்கிற பிள்ளை ஜெனனி பகிடியான இடங்களில் சிரிக்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் சனம் என் பகிடிக்கு நன்றாகச் சிரித்துவிட்டுப் பிள்ளைகுட்டியோடு வீட்டுக்குப் போகும். நான் கதிரைகளை அடுக்கிவிட்டுப் போவேன்.

புரொஃபெசோரே ஸ்கலீசியை ஆறு வருடம் வீட்டோடு இருந்து பராமரித்தேன். வியா மக்வேதா தெருவில் நாலாம் மாடி. சரித்திரம் படிப்பித்து ஓய்வெடுத்தவர், இரண்டு கண்ணும் தெரியாது. ஐரோப்பாவிலிருந்து முதன்முதலில் பெருங்கடலைக் கடந்த கப்பல்களைப் பற்றி ஒரு அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருந்தார். பின்னேரங்களில் நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். "நீ வாசிச்சா கப்பல் கரைக்கு வராது, பேனாட்," என்பார். அவர் பேசியது இத்தாலியன்தான். என் காதில் அது எங்கள் ஊர்த் தமிழாகவே விழும். இந்த ஊரில் என்னை நக்கலடிக்க வேறு ஒருவரும் இருக்கவில்லை.

ஒருநாள் கொலம்பஸின் பயணத்தை வாசித்தோம். ஓடிய தூரத்தை அவர் தனக்கு ஒரு விதமாகக் குறித்துக்கொண்டு, மாலுமிகளுக்குக் குறைத்துச் சொன்னாராம். வீட்டை விட்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று தெரிந்தால் அவர்கள் பயப்படுவார்களாம்.

"அது பொய்தானே, புரொஃபெசோரே?"

"பொய் சொல்லுறவன் அதுக்கு இரக்கம் எண்டுதான் பேர் வைப்பான்," என்றார்.

நான் அதில் இரக்கம் என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தை மாதம் குளியலறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஒப்பரேசன் முடிந்தது. மகள் கத்தரீனா தொரினோவிலிருந்து வந்து நின்றார். திரும்பிப் போகும்போது படியில் வைத்துச் சொன்னார்: "கட்டில்லை இருந்து பல்கனி மட்டும் அப்பா நடக்கட்டும், பேனாட். நடந்தா அடுத்த கிழமையே வந்து கூட்டிக்கொண்டு போறன். இனி அவர் என்னோடைதான். உங்களுக்கும் ஓய்வு வேணும்தானே."

"நல்லது, சிஞ்ஞோரா," என்றேன்.

கட்டிலிலிருந்து பல்கனிக்கு முப்பத்தொரு காலடி. அதை ஒரு பயணமாக்கினவர் அவர்தான். கட்டில் ஸ்பெயினின் துறைமுகம். சாப்பாட்டு மேசை கனாரித் தீவுகள். பல்கனி புதிய நிலம். ஒரு கையில் தடி, மறு கை என் தோளில். நான் எண்ணி ஒரு கொப்பியில் எழுதி, கிழமைக்கு ஒருமுறை படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

பங்குனியில் அவர் இருபத்தாறு காலடி நடந்தார். அவருக்கும் மகளுக்கும் பதினான்கு என்று சொன்னேன். நடக்கும்போது பகிடி சொல்லிக்கொண்டே போவேன். சிரிக்கிற மனிதர் எண்ணமாட்டார். தெருச் சத்தம் வந்தால் திசை பிடித்துவிடுவார் என்று பல்கனிக் கதவைச் சாத்தினேன். மேசையைச் சுற்றி இரண்டு தரம் கூட்டிப்போவேன். "எங்கை நிக்கிறம்?" என்று கேட்பார். "இன்னும் நடுக்கடல்தான்," என்பேன். உண்மையான எண்ணிக்கையை வேறொரு கொப்பியில் எழுதினேன். வீட்டைச் சோதித்தபோது நீங்கள் எடுத்த நீலக் கொப்பி அதுதான். அதில் ஒரு பொய்யும் இல்லை.

ஆனால் கால்கள் நான் சொன்னதைக் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் பலமாகின. ஈஸ்டருக்கு வருவதாக மகள் அறிவித்தார். நித்திரைக்கு ஐந்து துளி என்று டொக்டர் எழுதியிருந்தார். மகள் வந்த காலையில் நான் அவருடைய கோப்பியில் பதினைந்து துளி விட்டேன். நான் சீனி கூடப் போடுகிறவன், கசப்புத் தெரியாது. புரொஃபெசோரே கழுத்தைத் தொங்கப் போட்டபடி கதிரையில் இருந்தார். சிஞ்ஞோரா அழுதார். "இந்தக் கோலத்திலை எப்பிடிக் கொண்டுபோறது?" என்று என்னைக் கேட்டார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. சிஞ்ஞோரா திங்கட்கிழமை தனியாகத் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு தினமும். சில நாள் இருபது துளி. மகள் என் போனுக்குத்தான் எடுப்பார். "நித்திரை கொள்ளுறார், சிஞ்ஞோரா," என்பேன். உண்மையைத்தான் சொன்னேன்.

மூன்றாம் மாடியில் ஒரு கிழவியைப் பராமரிக்கிற யோசப்பீன் அக்கா படியில் மறித்தார். "என்னடா, ஈஸ்டருக்கு முதல் பாட்டுப் பாடின மனுசன், இப்ப சத்தத்தையே காணேல்லை?"

"கடலிலை காத்தில்லை, அக்கா."

"உன்ரை பகிடியைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடு. டொக்டருக்குச் சொன்னியோ?"

"ஓம்," என்றேன். சொல்லவில்லை.

நீலக் கொப்பியைப் பாருங்கள். ஈஸ்டருக்கு முதல் இருபத்தொன்பது, பிறகு பத்தொன்பது, பதினொன்று, நான்கு. அதன் பிறகு சைபர்கள். படுத்தே இருந்தால் சளி நெஞ்சில் இறங்கும் என்பது எனக்குத் தெரியும். அதற்குத்தானே என்னை வேலைக்கு வைத்தார்கள். வைகாசி நடுவில் காய்ச்சல் வந்தது. டொக்டரைக் கூப்பிட்டால் துளிப் போத்தலைத் தூக்கிப் பார்ப்பார். ஆகவே கூப்பிடவில்லை. இரண்டு நாள் நானே ஈரத்துணி வைத்தேன், பக்கத்திலிருந்து வாசித்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் சூப்போடு போனபோது மூச்சு இல்லை. சூப் ஆறும் வரைக்கும் தொடர்ந்து வாசித்தேன். அதன் பிறகுதான் போன் எடுத்தேன். அவர் தானாகச் சாகவில்லை, ஐயா. நான்தான் சாகவைத்தேன். இதில் ஜெனனிக்குச் சந்தேகம் வரத் தேவையில்லை.

ஆனால் இன்னொன்றும் எழுத வேண்டும். கடைசிக்கு முதல் நாள் அவர் கண்ணைத் திறந்து, "இண்டைக்கு எத்தினை, பேனாட்?" என்று கேட்டார். மூன்று கிழமையாக அவர் கால் நிலத்தில் படவேயில்லை. பன்னிரண்டு என்றேன். சிரிக்கப் பார்த்து இருமினார். "மாலுமிகளுக்கும் எண்ணத் தெரியும்," என்றார்.

ஆகவே அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் தெரிந்தும் என்னோடு இருந்தார். மகளிடம் போக அவருக்கு மனமில்லை. ஒரு வார்த்தை வெளியே சொல்லியிருந்தால் போதுமே, சொல்லவில்லை. சிஞ்ஞோராவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், அவருக்கும் ஆறுதலாக இருக்கும்.

யோசப்பீன் அக்கா உங்களிடம் ஒன்று சொன்னாராம். கடைசிக் கிழமைகளில் மத்தியானத்தில் மேலே யாரோ தடியால் நிலத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டதாம், இரண்டு மூன்று நாளில் அது நின்றுவிட்டதாம். அது சரிதான். கட்டிலோடு சேர்த்து நிலத்தில் நான் ஒரு தடித்த கம்பளத்தை நாலாக மடித்துப் போட்டேன். அவருக்குக் கால் குளிரக் கூடாது என்று.