ரீஸ்டார்ட் அடிக்காத பெண்

மாலையின் கனத்தில் சற்றே சாய்ந்தாலும், மணவிழாத் தலைமையில் சாயாமல் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அண்ணன் சுப்பிரமணி அவர்களே! பிள்ளையை மடியில் உறங்கவைத்துவிட்டு என் பேச்சுக்காக விழித்திருக்கும் தாய்மார்களே! கோவில்பட்டிச் சீமையிலிருந்து வந்திறங்கி, களைப்பை மறைத்துக் கண்ணால் சிரிக்கும் மணமகளின் தந்தை கொம்பையா அவர்களே! மணமகனைப் பெற்றெடுத்த மாதரசி பாஞ்சாலி அம்மா அவர்களே! ஷிப்டு முடிந்த கையோடு சீருடையில் வந்திருக்கும் தங்கைகளே! கம்பெனி பஸ் போய்விடுமோ என்று பந்தியையும் வாசலையும் மாறி மாறிப் பார்க்கும் தம்பிகளே! உங்கள் அனைவருக்கும், சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே வீடியோ கேம் கடை வைத்திருக்கும் முனிரத்தினத்தின் முதல் வணக்கம்!

என்ன? சாப்பாடு ஆறுகிறதா? ஆறட்டும் ஐயா! நான் சொல்ல வந்தது ஆறக் கூடாது.

இன்று காலை இந்த மணமேடையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மணமகன், என் கடைத் தம்பி சுபாஷ் தாலி கட்டும்போது, மணமகள் கனகலட்சுமி தன் கையை உயர்த்திக் கயிற்றின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டாள். "இன்னாம்மா இது, பொண்ணே தாலியப் புடிக்குது?" என்று ஒரு குரல். "நாத்தனார் இன்னாத்துக்குக் கீறா?" என்று இன்னொரு குரல். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மணமகனின் முகம் கவிழ்ந்ததைப் பார்த்தேன். அதற்குப் பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன்!

என் கடைக்கு வாருங்கள். டிவி ஒன்று, ஆட்டம் ஒன்று. ஆனால் ஆடும் மனம் எத்தனை! சத்தத்தை முழுக்கக் கூட்டி ஆடுகிறவன் ஒருவன். கம்பெனி லைனில் மெஷின் போட்ட இரைச்சல் போதுமென்று சத்தத்தை முழுக்க அணைத்து ஆடுகிறவன் ஒருவன். சண்டை ஆட்டத்தில் எதிரியை அடிக்க மனம் வராமல் குதித்துக்கொண்டே இருக்கும் ஒரு பீமன் நம் பஸ் டிரைவர்களில் உண்டு. சிரிக்காதீர்கள், அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்! சரியாக ஆடு, தப்பாக ஆடாதே என்று அவர்களிடம் சொல்ல நான் யார்? நாளெல்லாம் சூப்பர்வைசர் சொன்னபடி அசைந்த கைகள் அவை. தன் இஷ்டப்படி அசைய அவற்றுக்கு ஓர் இடம் வேண்டாமா?

அந்தக் கடையில்தான், தம்பி சுபாஷ் கார் ரேஸ் ஆடுவான். ஆடுவானா? பறப்பான்! காரில் ஒரு கீறல் விழுந்தால் போதும், "த்தூ!" என்று ரீஸ்டார்ட் அடித்து முதலிலிருந்து ஆரம்பிப்பான். அவனுக்கு வெற்றி வேண்டும், அதுவும் கீறல் இல்லாத வெற்றி வேண்டும்.

அங்கேதான் கனகலட்சுமியும் வந்தாள். செல்போன் கம்பெனியில் டெஸ்டர், போன் தேறுமா தேறாதா என்று சோதித்துச் சொல்லும் வேலை. ஜாய்ஸ்டிக்கை வாங்கியதும் ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்ப்பாள், வேலைப் பழக்கம். பிறகு ரேஸில் எல்லாக் காரும் பறந்த பின், தன் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பாள்.

"இன்னாம்மா, வண்டிய நிறுத்திட்டு இன்னா பாத்துக்கினு கீற? இது ரேஸு!" என்றான் சுபாஷ்.

"கடலப் பாக்குதேன். நீங்க ஓட்டுத ஓட்டத்துல ஒரு நாளாவது இந்தக் கடலப் பாத்திருக்கீகளா?" என்றாள் கனகலட்சுமி.

தம்பி திரும்பிப் பார்த்தான். டிவியில் கடல் இருந்தது. இத்தனை நாள் அதன் ஓரமாகத்தான் பறந்திருக்கிறான், பார்த்ததே இல்லை! அன்று அவன் தோற்றான். அதற்குப் பிறகு தினமும் தோற்றான். கேட்டால் "அண்ணே, ஜாய்ஸ்டிக் சரியில்ல" என்பான். எனக்குத் தெரியாதா எது சரியில்லை என்று!

இன்னொன்றும் கவனித்தேன். அவள் கார் மோதும், நசுங்கும், கதவு தொங்கும். ஆனாலும் ரீஸ்டார்ட் அடிக்க மாட்டாள். நசுங்கிய காரிலேயே கடைசி ஆளாகக் கோட்டைத் தாண்டிவிட்டு எழுந்து போவாள்.

இரு வீட்டாரும் பேசினார்கள், தட்டு மாற்றினார்கள். அப்புறம்தான், என் அன்பு மக்களே, ஒரகடத்தில் தம்பி வேலை செய்த பட்டறையில் பிரஸ் மெஷின் அவன் வலது கையில் இறங்கியது. கட்டைவிரலும் பக்கத்து விரலும் போயின.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு நாள் கடைக்கு வந்தான். ஆட அல்ல. கனகலட்சுமியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வந்தான். கம்பெனிகளில் தேறாத பொருளுக்கு 'என்ஜி', அதாவது 'நாட் குட்' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவீர்கள் அல்லவா?

"நான் என்ஜி பீஸு, கனகா. கல்யாணம் வேணாம்னு எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். நீ ரீஸ்டார்ட் அடிச்சிக்கோ" என்றான்.

சத்தம் கூட்டி ஆடுகிறவன்கூடச் சத்தத்தை அணைத்தான். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ கோபத்தில் சிவந்து நின்றாள்.

"என்ஜி ஸ்டிக்கர் ஒட்டுதது டெஸ்டர் வேல. லைன்ல போற பீஸு தனக்குத் தானே ஒட்டிக்கிடுமா? நான் ஒட்டலயே! நான் என்னைக்கு ரீஸ்டார்ட் அடிச்சு நீங்க பாத்தீக?"

சொல்லிவிட்டு அவன் வலப்பக்கம் வந்து ஒட்டி உட்கார்ந்தாள். ஒரே ஜாய்ஸ்டிக். இடது பக்கம் அவன் விரல், திருப்புவதற்கு. வலது பக்கம் அவள் விரல், ஓட்டுவதற்கும் நிறுத்துவதற்கும். வேகம் அவள் வேகம், வழி அவன் வழி. கார் தட்டுத் தடுமாறியது, மோதியது, நசுங்கியது. தம்பியின் இடது கை பழக்கத்தில் ரீஸ்டார்ட் பக்கம் போனது. போய், நின்றது, திரும்பி வந்தது! கடலோரத்தில் அவள் காரை நிறுத்தினாள். அவன் அழுதான். நானும் அழுதேன், சொல்ல எனக்கென்ன வெட்கம்?

இப்போது சொல்லுங்கள், தாய்மார்களே! காலையில் அந்தத் தாலிக்கு முடிச்சுப் போட்டது யார் கை? அவன் இடது கை ஒரு முனை, அவள் வலது கை ஒரு முனை. நாத்தனார் கை குறுக்கே வர அங்கே இடம் ஏது? பாஞ்சாலி அம்மா, நீங்கள் ஏன் கண்ணைத் துடைக்கிறீர்கள்? தம்பி சுபாஷ், தலையை நிமிர்த்து! உன்னைச் சோதித்துப் பார்த்துத் தேறியவன் என்று சொன்னவள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

மணமக்களுக்கு என் அன்பளிப்பு அந்த ஜாய்ஸ்டிக். வீட்டில் சண்டை வரும், வரட்டும், நசுங்கும், நசுங்கட்டும். நடுவில் எங்கேனும் நிறுத்திக் கடலைப் பாருங்கள். ரீஸ்டார்ட் பட்டனை மட்டும் நான் பிடுங்கிவிட்டுத்தான் கொடுக்கிறேன்!

பசியோடு கேட்ட உங்களுக்கு நன்றி. இலை போட்டாயிற்று, வாருங்கள். வணக்கம்!