பேப்பர்க்காரர்களின் பரிதாபம்

"பேச்சி ஒண்ணும் பரிதாபமா சாகலண்ணே."

எண்பதுகளின் தொடக்கம். போடியிலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில், நானும் போடிமெட்டு வரை இடம் கேட்டு முன்சீட்டில் ஒண்டியிருந்தேன். சொன்னது, இன்னும் ஏறாமல் கீழே நின்ற ஒரு பெண். பேப்பரோடு நின்ற கங்காணி செய்தியின் தலைப்பை மறுபடியும் சத்தமாகப் படித்தார்.

"ஜீப்பிலிருந்து விழுந்து கூலிப்பெண் பரிதாப சாவு. இப்படித்தான்த்தா போட்டிருக்கான்."

"போன மாசம் தோட்டத்து மொதலாளி செத்தாரே, அவரும் பரிதாபமாத்தான் செத்தாரா?"

"அவரு காலமானாருத்தா. பேப்பர்ல அப்படித்தான் எழுதுவாக."

"நம்ம ஆளுகளுக்கு மட்டும் பரிதாபமா? பின்படியில ஆளத் தொங்கவிடாதீகன்னு பேச்சி சண்ட போட்டா. நீங்கதான் ஏறு ஏறுன்னு ஏத்துனீக. அதப் போட்டிருக்கானா?"

கங்காணி பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்தார். "சோலிக்கு நேரமாச்சு. பின்னால தொத்திக்கிட்டு வெரசா வா."

அவள் தூக்குவாளியோடு போய் ஜீப்புக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்தாள். பின்படியில் தொங்கிக்கொண்டிருந்த பெண்களும் ஒவ்வொருத்தியாக இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"இன்னொரு ஜீப்பக் கொண்டாங்க. அப்புறம் போவோம்."

"நாளைக்கு இதுவும் பேப்பர்ல வந்துரும்த்தா" என்று மிரட்டினார் கங்காணி.

"வரட்டும்ணே. பெண்கள் ரகளைன்னு போடச் சொல்லுங்க."