மேற்குச் சுவர்

உங்கள் ஸ்டேஷன் கட்டடத்தின் முகப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும் மேடம். ஜன்னல்களுக்கு வெளியே வரிசையாகக் கான்கிரீட் பலகைகளை நிறுத்தியிருக்கிறார்களே, அதைச் சொல்கிறேன். யாரோ ஓர் அரசாங்க எஞ்சினியர் வெயிலை மறைக்க வைத்தது. சாயங்காலம் அதன் நிழல் சுவரில் சாய்ந்து விழுவதைப் பார்ப்பதற்காகவே இந்த வாசலில் காரை நிறுத்தியிருக்கிறேன். வேலை இல்லாமல் போலீஸ் ஸ்டேஷன் முன்னால் வண்டியை நிறுத்துகிற பனியன் கம்பெனி முதலாளி திருப்பூரில் நான் ஒருவன்தான் இருப்பேன். இன்றைக்கு வேலையோடு வந்திருக்கிறேன். முழுவதும் சொல்லிவிடுகிறேன், குறுக்கே நிறுத்தாதீர்கள். பாதியில் நிறுத்தினால் நான் நல்லவன் போலத் தெரிவேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

எனக்குக் கான்கிரீட் பைத்தியம். எங்கள் சொந்தத்தில் சிலருக்கு ரேக்ளா காளை, சிலருக்குப் பழைய ஜீப்பு. எனக்குப் பூசாத சுவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தண்ணீர்த் தொட்டி, மேம்பாலத் தூண், பழைய மார்க்கெட் கட்டடம் என்று பார்க்கக் கிளம்பிவிடுவேன். ஒருமுறை குண்டடம் பக்கம் ஒரு மேல்நிலைத் தொட்டியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் வந்து, "ஏனுங்க, தொட்டி கசியுதுங்களா?" என்றார். "இல்லீங்க, சும்மா பாக்கறனுங்க" என்றேன். "நீங்க பாத்தாத் தண்ணி வந்துருங்களா?" என்று கேட்டுவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார். நியாயமான கேள்விதான்.

இதே திருப்பூர் ராயபுரத்தில் என் வீட்டையும் அப்படியே கட்டினேன். சென்டரிங் பலகையைப் பிரித்ததும் சுவர் எப்படி இருந்ததோ அப்படியே விட்டாயிற்று. கிரகப்பிரவேசத்துக்கு மூலனூரிலிருந்து என் பெரியம்மா சென்னம்மாள் ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்தார். உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்துப் போய், "ஏஞ்சாமி, பூசறதுக்குள்ள கையில இருந்ததெல்லாம் தீந்து போச்சா? அம்மாகிட்டச் சொல்ல வெக்கமா இருந்தா எங்கிட்டச் சொல்லு கண்ணு" என்றார். என் மனைவி கீர்த்தனா இன்றைக்கும் சொல்வாள்: "ஊட்டுக்குள்ள நடந்தாப் பாலத்துக்கு அடியில போற மாதிரியே இருக்குதுங்க. எப்ப லாரி வருமோன்னு பயமா இருக்குது."

நான் சிரித்துக்கொள்வேன். பூச்சு இல்லை, பெயின்ட் இல்லை, மறைக்க ஒன்றுமில்லை, பொய் சொல்லத் தெரியாத கட்டடம் என்று வருகிறவர்களிடம் விளக்குவேன். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

நேற்று நீங்கள் வந்து பார்த்தீர்களே, அந்தக் கம்பெனிக் கட்டடம்தான் நான் கட்டியதிலேயே நல்லது. அதில் மேற்குச் சுவர்தான் நல்லது. தரையிலிருந்து மேல்வரை ஜன்னலே கிடையாது. கான்கிரீட் ஊற்றும்போது பலகையின் ரேகைகள் அப்படியே பதிந்துவிட்டன, மரத்தின் முடிச்சு முதற்கொண்டு. இரண்டாவது மாடி உயரத்தில் ஒரே ஒரு சாம்பல் நிறக் கதவு. சாயங்காலம் எதிர்ப்புறம் டீக்கடையில் நின்று அந்தச் சுவரைப் பார்ப்பேன். டீக்கடை ரங்காத்தாள் முதலில் நான் ஆட்களை வேவு பார்ப்பதாக நினைத்திருந்தார். சுவரைத்தான் பார்க்கிறேன் என்று தெரிந்த பிறகு எனக்குச் சர்க்கரையைக் குறைத்துப் போட ஆரம்பித்தார். மூளைக்கு நல்லதாம்.

அந்தக் கதவு அவசர வழி. எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் கம்பெனியைச் சோதிக்க அனுப்பும் ஆடிட்காரர்கள், உள்ளே இருக்கும் ஒரு படிக்கட்டு போதாது, வெளியே இரும்புப் படி ஒன்று வேண்டும் என்றார்கள். வைத்தேன். வைத்த அன்று டீக்கடையில் நின்று பார்த்தேன். அவ்வளவு பெரிய சுவரில் படியின் நிழல் குறுக்கும் நெடுக்கும் விழுந்து, கட்டம் போட்ட லுங்கியைக் காயப்போட்ட மாதிரி இருந்தது. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. மிகைப்படுத்தவில்லை, கீர்த்தனாவைக் கேளுங்கள்.

ஆடிட் என்றால் எங்கள் தொழிலில் கல்யாண வீடு மாதிரி மேடம். முந்தின நாள் நடைபாதைக்கு மஞ்சள் கோடு புதிதாக அடிப்போம், மருந்துப் பெட்டியில் மருந்து வைப்போம், வழியில் கிடக்கும் பண்டலை நகர்த்துவோம். கல்யாணம் முடிந்தால் பந்தலைப் பிரிப்பதில்லையா? நானும் படியைப் பிரித்தேன். துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டும்படி செய்யச் சொன்னேன். ஆடிட்டுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுவது, முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றுவது. பிரித்த படி பின்னால் குடோனில் தார்பாய்க்குக் கீழே இருக்கிறது. நேற்று உங்களிடம், பெயின்ட் அடிப்பதற்காகக் கழற்றினோம் என்று சொன்னேன். அது பொய். அந்தப் படியில் பெயின்ட் நன்றாகவே இருக்கிறது.

முதல் தடவை கழற்றச் சொன்னபோது என் ஃப்ளோர் மேனேஜர் பாண்டித்துரை தயங்கினான். "கழட்டுறதுக்கா மொதலாளி மாட்டுனோம்? மேல அம்புட்டுப் பேரு இருக்காகள்ல" என்றான். நான் அவனை டீக்கடைக்கு அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டினேன். ரேகைகளை, வெயில் இறங்கும் விதத்தை எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டுர்றேன் மொதலாளி. எவளாவது காத்து வாங்கத் தொறந்துட்டான்னா?" என்றான். போடச் சொன்னேன். படி இல்லாத நாளெல்லாம் அந்தக் கதவில் உள்பக்கம் பூட்டுத் தொங்கும். பூட்டியது அவன், அந்த ஆபத்தை நினைத்துப் பார்த்தவனும் அவன். என் பங்கு அனுமதி கொடுத்தது மட்டும்.

தொழிலாளிகளுக்கு இது தெரியாது. எல்லோரும் கிழக்கு கேட்டில் கம்பெனி வேனில் இறங்கி அப்படியே உள்ளே போகிறவர்கள், மேற்குப் பக்கம் வரும் வேலையே இல்லை. தெரிய வேண்டாம் என்று பாண்டித்துரையிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். காரணம் உண்டு. ஆடிட்காரர்கள் தொழிலாளிகளைத் தனியாக உட்கார வைத்து, அவசர வழி எது, படி எப்போதும் இருக்கிறதா என்று கேட்பார்கள். தெரிந்தால் பொய் சொல்ல வேண்டியிருக்கும். ஏழைகளுக்குப் பொய் சொல்லப் பழக்குவது எனக்குப் பிடிக்காது. அதனால் அவர்கள் உண்மையிலேயே நம்பும்படி பார்த்துக்கொண்டேன்.

பூட்டு எதற்கு என்று கேட்டால் கூட, திருட்டுப் பயம், அவசரம் என்றால் பாண்டித்துரை ஓடி வந்து திறப்பான் என்று சொல்லியிருந்தோம். கருத்தம்மா அதையும் நம்பினார். பாண்டித்துரையின் சொந்த அக்கா அவர். புருஷன் செத்த பிறகு ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மகளோடு தம்பியிடம் வந்தவர், செக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். தன் அக்காவிடம் கூட அவன் படியைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் சொன்னேன் என்பதற்காக.

தீ வந்தால் ஆட்களை வெளியே அழைத்துப் போகும் பொறுப்பைக் கருத்தம்மாவுக்குக் கொடுத்திருந்தோம். சிவப்புத் தொப்பி வைத்துக்கொள்வார். போன மாதம் ஆடிட்காரர்கள் முன்னால் ஒத்திகை நடந்தது. கதவைத் திறந்து அவர் முன்னால் இறங்க, மற்றவர்கள் பின்னால். நான் மேலே கதவுப் பக்கம் நின்று போட்டோ எடுத்தேன். எல்லாப் படத்திலும் அவர் முதுகுதான் விழுந்தது. மறுபடி செய்யச் சொன்னேன். "பின்னால வர்றவங்களப் பாத்துக்கிட்டே எறங்கோணுங்க கருத்தம்மா. கையக் காட்டிக் கூப்புடோணும். அப்பத்தான் மூஞ்சி தெரியும்."

"பின்னாடியே நடந்தா விழுந்துற மாட்டேனா மொதலாளி?" என்றார்.

"அதான் கைப்பிடி இருக்குதுங்களே."

"போட்டோன்னு முந்தியே சொல்லியிருந்தாப் பவுடராவது போட்டுட்டு வந்திருப்பேன்ல?"

"அக்கா நண்டு மாதிரியே நடக்குது" என்று பின்னாலிருந்த ஜோதிகா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். படம் நன்றாக வந்தது. பழகட்டும் என்று மேலும் சில தடவை அதே மாதிரி செய்ய வைத்தேன். கருத்தம்மா சொன்னதை ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறவர்.

அதற்கடுத்த ஞாயிறு படியைக் கழற்றினோம். பாண்டித்துரை பூட்டினான். நான் பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் சிலர் கம்பெனியைப் பார்க்க வந்தார்கள். என் கட்டடத்தைப் பார்க்க ஒருவர் தானாக விரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நித்யஸ்ரீ என்ற பெண் டீக்கடையில் நின்று கேமராவில் பார்த்தபடி, "சார், அந்தக் கதவு மட்டும் தெறந்திருந்தா அவ்ளோ பெரிய சுவர்ல ஒரே ஒரு கருப்புக் கட்டம் கெடைக்கும் சார்" என்றாள். அவள் சொன்னது சரி. நானே மேலே ஓடினேன். சாவிப் பலகையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, கதவை விரியத் திறந்து வைத்தேன். கீழே வந்து பார்த்தேன். இத்தனை வருஷமாக அந்தச் சுவரில் எது குறைகிறது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது, அன்றைக்குத் தெரிந்தது.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். சாவியை இருந்த இடத்தில் மாட்டினேன். பூட்டு என் பேன்ட் பையில் இருந்தது.

மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் நேற்று ராத்திரி வரைக்கும் எண்ணியிருந்தேன். மறக்கவில்லை மேடம். அன்று சாயங்காலமே துணி மாற்றும்போது கையில் தட்டுப்பட்டது. காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் மாடிக்குப் போனேன், பூட்டோடுதான் போனேன். பூட்டு இல்லாத கதவு சுவரோடு ஒட்டி, வழவழவென்று, ஒரே தளமாக இருந்தது. இன்று ஒரு நாள் இப்படியே இருக்கட்டும் என்று திரும்பி வந்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். அந்த வாரம் முழுக்க ஷிப்மென்ட் நெருக்கடி, பாண்டித்துரை கீழே பேக்கிங்கைவிட்டு மேலே ஏறவே இல்லை.

நேற்று நடந்ததை ஜோதிகாவும் மற்றவர்களும் சொல்லியிருப்பார்கள். மாடியில் அயர்ன் டேபிள் பக்கம் குவிந்திருந்த துணி வேஸ்டில் நெருப்புப் பிடித்தது. உள் படிக்கட்டுக்குப் பக்கத்தில் என்பதால் புகை அந்த வழியை அடைத்துக்கொண்டது. அடுப்பு எரிகிற அளவு நெருப்புத்தான். வாட்ச்மேன் ஈரச்சாக்கைப் போட்டே அணைத்துவிட்டார். எல்லோரும் சும்மா நின்றிருந்தால் இருமலோடு போயிருக்கும். ஆனால் நாங்கள் சும்மா நிற்கப் பழக்கவில்லை.

நான் அப்போது டீக்கடையில் இருந்தேன். வெயில் சுவரில் முழுசாக விழுந்திருந்தது. கதவு திறந்தது. கருப்புக் கட்டம். அதில் சிவப்புத் தொப்பி. அவர் முதுகு என் பக்கம் இருந்தது, இரண்டு கையையும் காட்டி உள்ளே இருப்பவர்களை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கத்தியிருக்கலாம். நடுவில் ஒரு ரோடுதான். என் வாயில் டீ இருந்தது. பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கொஞ்ச நேரம் நான் எதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். கருத்தம்மா சொல்லிக் கொடுத்தபடியே பின்பக்கமாக ஒரு அடி வைத்தார். ஜோதிகா அவர் ஏப்ரனைப் பிடித்தாள். ஏப்ரன் மட்டும் அவள் கையில் வந்தது.

பிறகு நீங்கள் வந்தீர்கள். கதவில் ஏன் பூட்டில்லை என்று கேட்டீர்கள். பூட்டுவது பாண்டித்துரையின் பொறுப்பு என்றேன். அது உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவனும் அதையே சொன்னான், நீங்கள் அவனைக் கூட்டி வந்தீர்கள்.

இன்று காலை நீங்கள் வெளியே போயிருந்தபோது நான் இங்கே வந்தேன். உங்கள் ஏட்டு பார்க்க விட்டார். கம்பிக்குப் பின்னால் பாண்டித்துரை எழுந்து நின்றான். லாக்கப்புக்குள்ளும் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறான்.

"எம்புட்டு யோசிச்சும் ஞாவகம் வரமாட்டேங்குது மொதலாளி" என்றான். "அன்னைக்கிப் பூட்டுனேன்னுதான் நெனைச்சேன். பூட்டலபோல. எங்கக்காவ நானே தள்ளிவிட்டுக் கொன்னுட்டேன். அது மக கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கம்பெனிப் பேரையும் கெடுத்துட்டேன். என்னைய மன்னிச்சிருங்க" என்றான்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். நான் கம்பிக்குள் கையை விட்டு அவன் தோளைத் தட்டினேன்.

"உடு பாண்டி. மறதிங்கறது எல்லாத்துக்கும் வர்றதுதான். நான் உம்மேல எதும் நெனச்சுக்குல" என்றேன்.

அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதான். அதைப் பார்த்து எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதில் நடிப்பு எதுவும் இல்லை மேடம். அந்த நிமிஷம் நான் அவனை மனசாரத்தான் மன்னித்தேன்.