மாப்பிள்ளைக் கொட்டகை

முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் பேசுங்கள். நீங்கள் கேட்பதில் பாதி உள்ளேயே நின்றுவிடுகிறது. எனக்கு இருப்பது வெறும் தொண்டைக் கரகரப்பு. பன்றிக் கொட்டகையில் தவிட்டுத் தூசிக்கு நடுவில் நிற்கிறவனுக்கு அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாட்டீர்களா? சரி, சுகாதாரத் துறை விசாரணை, உங்கள் இஷ்டம். பயந்தவர்களோடு பேசிப் பழகியவன்தான் நான்.

அந்தப் பண்ணையின் கால்நடை மருத்துவர் நான். கொட்டகைகளுக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. குளிர்காலத்தில் காட்டு வாத்துகள் வந்து இறங்கும். அந்தத் தண்ணீரைத்தான் குழாய் வழியாகப் பன்றிகளுக்கு விடுவோம். வாத்தின் எச்சத்தில் வைரஸ் இருக்கும், வாத்தை அது ஒன்றும் செய்யாது. பன்றிக்குள் போனால்தான் கூத்து. வாத்தின் வைரஸும் பன்றிக்கு ஒட்டும், நம்முடைய சளிக்காய்ச்சல் வைரஸும் ஒட்டும். ஒரே அறையில் தங்கிய இரண்டு வெளியூர்க்காரர்கள் அவசரத்தில் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்புவதுபோல, இரண்டும் பன்றிக்குள்ளே பாகங்களை மாற்றிக்கொள்ளும். வெளியே வருவது புது ஆள். அந்தப் புது ஆளை எதிர்க்க நம் உடம்புக்குத் தெரியாது. இதையெல்லாம் மேலாளருக்கு விளக்கிச் சொன்னேன். கொட்டாவி விட்டார். கொட்டாவி விடுகிறவரிடம் தண்ணீர்க் குழாயை மாற்றச் சொல்லி என்ன பயன்? நானும் விட்டுவிட்டேன்.

ஆய்வகம் அவ்வப்போது பன்றிகளின் மூக்குச் சளியை மாதிரியாகக் கேட்கும். அதற்காகவே ஓரமாக ஒரு தனிக் கொட்டகை வைத்திருந்தேன். அதில் சில கொழுத்த பன்றிகள். அவற்றுக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர், புது வைக்கோல். வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. வேலையாட்கள் அவற்றுக்கு வைத்த பெயர் மாப்பிள்ளைகள். எந்தக் கொட்டகையில் இருமல் கேட்டாலும் என் பஞ்சுக்குச்சி மாப்பிள்ளைகளின் மூக்குக்குள்தான் போகும். நோய் இல்லை என்று ஆய்வகம் எழுதி அனுப்பும். ஒருவராவது நேரில் வந்து பார்த்ததுண்டா? காரைவிட்டு இறங்கினால் செருப்பில் சாணி ஒட்டிவிடும் அல்லவா? சுத்தமான பண்ணை என்று கேடயம் மட்டும் கொடுத்தார்கள். என் அறையில்தான் மாட்டியிருக்கிறது.

ஏன் என்று கேட்கிறீர்கள். உண்மையைச் சொன்ன ஒரு மருத்துவரை எனக்குத் தெரியும். நோய் பரவாமலிருக்க அந்தப் பண்ணையின் பன்றிகளையெல்லாம் கொன்று குழியில் புதைத்தார்கள். அதன்பிறகு அவரை ஒரு நாய்க்கு ஊசி போடக்கூட யாரும் கூப்பிடவில்லை. ஊர் உண்மையை மெச்சும், உண்மை சொன்னவனைக் கண்டால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போகும். எனக்கு அந்த ஊரைப் பற்றி ஒரு மயக்கமும் கிடையாது.

என் தம்பி அதே பண்ணையில் தீவனக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் எல்லோரும் ஒரே வீடு. இந்தக் குளிர்காலத்தில் ஒரு கொட்டகை முழுக்க இருமத் தொடங்கியபோது தம்பி மனைவிக்கு நிறைமாதம். அவள் என்னிடம் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, அவரை மட்டும் அந்தக் கொட்டகைக்குள்ள அனுப்பாதீங்க."

வாக்குக் கொடுத்தேன். அன்றே தம்பியை அலுவலகத்துக்கு மாற்றினேன். அவன் கொட்டகைக் கதவைக்கூடத் தொடவில்லை. இருமுகிற பன்றிகளை நான் ஒருவனே பார்த்துக்கொண்டேன், முகக்கவசம் கூட இல்லாமல். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எப்போதும்போல இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். அவன் தட்டிலிருந்து நான் எடுப்பதும், என் டம்ளரில் அவன் குடிப்பதும் சின்ன வயதுப் பழக்கம்.

அப்படி இருந்தும் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு மூச்சுத் திணறியது. மருத்துவமனையில் வார்டு டாக்டர், சின்னப் பையன், விலங்குகளோடு பழக்கம் உண்டா என்று கேட்டான். தம்பி வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன், மேசை வேலை பார்க்கிறவன் என்றேன். அது பொய்யும் இல்லை. டாக்டர் நகர்ந்ததும் தம்பி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, பன்றிங்க இருமுறதைச் சொல்லிடுண்ணா. எனக்குப் பயமா இருக்கு."

"சும்மா இரு. நான் பார்த்துக்கிறேன்."

எதற்கும் தொண்டைச் சளியைச் சோதித்துவிடலாம் என்றான் அந்தப் பையன். விலங்குக் காய்ச்சலாக இருந்தால் மாத்திரை இருக்கிறதாம், சீக்கிரம் தொடங்க வேண்டுமாம், தனி அறையும் வேண்டுமாம். எனக்குப் பாடம் நடத்தினான். நர்சுக்குக் கை ஒழியவில்லை. நீங்களும் டாக்டர்தானே என்று பஞ்சுக்குச்சியை என்னிடமே நீட்டினாள். திரையை இழுத்துவிட்டேன். தம்பி கண் அயர்ந்திருந்தான். குச்சியை என் தொண்டைக்குள் விட்டுத் துடைத்து, குழாயில் போட்டு, அவன் பெயரை எழுதிக் கொடுத்தேன். பழகிய கை. அன்று நானே மாப்பிள்ளை.

முடிவு வரும்வரை சாதாரண நிமோனியாவாகவே பார்க்கலாம் என்றேன். மூத்தவர் ஒருவர் சொன்னதில் பையனுக்கு நிம்மதி. தம்பியைப் பொது வார்டிலேயே வைத்தார்கள், அந்த மாத்திரையும் கொடுக்கவில்லை. முடிவு வருமுன் அவன் போய்விட்டான். பக்கத்துக் கட்டில்காரரும் போனார். அந்த நர்ஸ் இப்போது செயற்கைச் சுவாசத்தில் இருக்கிறாளாம். நான் கல்லில்லை.

அந்தக் குழாயில் வைரஸ் இருந்தது என்கிறீர்கள். குழாயில் இருந்த எச்சில் என்னுடையது என்றும் நிரூபித்துவிட்டீர்கள். ஆமாம், என்னுடையதுதான், எழுதிக்கொள்ளுங்கள். மாதிரியை மாற்றினேன், தம்பிக்குக் கிடைக்க வேண்டிய மருந்தைத் தடுத்தேன். ஆனால் கொட்டகைப் பக்கமே போகாதவனுக்கு நோயைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான் என்கிறீர்களே, அங்கேதான் உங்கள் படிப்பு பல்லிளிக்கிறது. எச்சில் என்னுடையதுதான், ஆனால் வைரஸைத் தேடும்போது ஆய்வகத்தில் யாரோ வேறு குழாயை மாற்றி வைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். என் உடம்பு எனக்குத் தெரியாதா? நோய் இருந்திருந்தால், நேற்று உங்கள் ஆட்கள் வந்து என்னைக் கூட்டிவருமுன், தம்பியின் பச்சைக் குழந்தையைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்து அவ்வளவு நேரம் கொஞ்சியிருப்பேனா?